மயிலாப்பூரில் எய்த அம்பு

சென்ற ஜூலை 3-ஆம் நாள், திருத்தூதர் தோமையாரின் திருநாள். மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். நம் பங்கில் பிறந்து வளர்ந்து இப்போது அமெரிக்க நாட்டில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் நம்மை அணுகித் தம் கைப்பேசியில் ஒரு நிழற்படத்தைக் காட்டினார். காட்டோரத்தில் சிறியதொரு கூடாரம். அதன் முன்னே புல்வெளியில் இரண்டு வான்கோழிகள். கூடாரத்தின் திறப்பில் ஒரு வில்லின் நுனி மட்டும் தெரிந்தது. "அந்த இரண்டும் பொம்மைகள், ஃபாதர். உண்மையான வான்கோழி இனிமேல்தான் வரும்" என்றார். உடன் பணிபுரிவோர் அழைத்ததால் தாமும் சென்றதாகவும், விடியுமுன் தொடங்கி மூன்று மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்ததாகவும் கூறியவர், சற்றே தயங்கி, "இது பாவமா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அவர் நின்றிருந்த அதே மயிலை மண்ணில், பறவையை நோக்கி எய்த அம்பு ஒன்றைப் பற்றிய பழங்கதை நம் நினைவுக்கு வந்தது. அந்த அம்பைப் பற்றித் திருநாள் மறையுரைகளில் நாம் பேசுவதில்லை. பேசாமல் விட்டது சரிதானா என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் அந்த வேட்டையின் முறையைச் சிறிது அறிந்துகொள்வோம். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஐரோப்பியர் வழியாக அது உலகெங்கும் பரவிற்று. 1612-இல் கோவாவிலிருந்து மொகலாயப் பேரரசர் ஜகாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி வந்து சேர்ந்ததையும், அதனை ஓவியர் மன்சூர் வரைந்ததையும் வரலாறு குறித்து வைத்துள்ளது. மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை ஆகியவையும் வான்கோழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்துப் பறவைகள் பெரும்பாலும் தரையில் மேய்பவை. கண்ணும் செவியும் கூர்மையானவை. துப்பாக்கி ஏந்தியவன் தொலைவிலிருந்தே சுட்டுவிடலாம். வில்லேந்தியவனுக்கோ பறவை இருபது முப்பது கஜத்திற்குள் வந்தாக வேண்டும். அவ்வளவு அருகில் நாணை இழுக்கும் கையசைவைப் பறவை கண்டுவிடும். எனவேதான் மறைவுக் கூடாரம். உள்ளே இருட்டு, வெளியே பார்க்க ஒரு குறுகிய திறப்பு.

பறவையை அருகில் வரவழைக்கப் பொம்மைகளை நிறுத்துகின்றனர். பெட்டைப் பொம்மை ஆசையைத் தூண்டும். அதனருகே நிறுத்தும் சேவல் பொம்மையோ பொறாமையைத் தூண்டும். தன் எல்லையில் அயலான் நிற்கக் கண்ட சேவல், எச்சரிக்கையை மறந்து சண்டைக்கு ஓடி வரும். ஆசையாலும் சினத்தாலும் அறிவை இழந்தவன் அழிகிறான் என்று நாம் மறையுரையில் கூறுவதை வேட்டைக்காரர்கள் தொழில்முறையாகவே அறிந்து வைத்திருக்கின்றனர்.

அவ்வேட்டையைக் கற்பிப்போர் வலியுறுத்தும் விதி ஒன்று உண்டு என்றும் அந்த இளைஞர் கூறினார். குறியை முற்றிலும் அடையாளம் காணும்வரை எய்யாதே. குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் பார். இவ்விதி வெறும் அறிவுரை அன்று. புதரில் அசைந்தது பறவை என்று எண்ணி உடன் வந்த மனிதரையே சுட்டுவிட்ட விபத்துகள் அங்கே நேர்ந்துள்ளன. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

இவ்வேட்டை நமக்குப் புதிதன்று. தமிழில் 'பார்வை' என்னும் சொல்லுக்குக் கண்ணால் காணுதல் என்னும் பொருளோடு மற்றொரு பொருளும் உண்டு. காட்டிலுள்ள தன் இனத்தை ஈர்த்துக் கொடுப்பதற்காக வேடர் பழக்கி வைத்திருந்த விலங்கும் பறவையும் 'பார்வை' எனப்பட்டன. கூண்டில் வைத்த கவுதாரியைக் கூவச் செய்து, அதனோடு சண்டையிட வரும் காட்டுக் கவுதாரியைச் சுற்றிலும் வைத்த கண்ணியில் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. விவிலிய உலகமும் இதனை அறியும். சீராக்கின் ஞான நூல் 11-ஆம் அதிகாரத்தில், செருக்குற்றவனின் உள்ளம் இவ்வாறு கூண்டில் வைக்கப்பட்ட கவுதாரிக்கே ஒப்பிடப்படுகிறது.

பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம் உள்ளது. 1943-இல் நிறுவப்பட்டது. சங்க நூல்களைப் புரட்ட அங்கே சென்று அமர்ந்தபோது, மறைவு, பார்வை, வில் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் பாடி வைத்திருப்பதைக் கண்டோம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் வேட்டை வருகிறது. நீருண்ண வரும் காட்டுப்பன்றியை எதிர்நோக்கி, இருள் சூழ்ந்த இரவில் குழிக்குள் ஒளிந்து அவர்கள் காத்திருக்கின்றனர். அது தவறிப்போனால், பகலில் நாய்களோடு முயல் வேட்டைக்குப் புறப்படுகின்றனர். மயிலாப்பூரும் அந்தத் தொண்டை நாட்டு மண்தான்.

ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்திய பாடல்கள் வேறு. புறநானூற்றின் 320-ஆம் பாடல் வீரை வெளியனார் இயற்றியது. வேட்டுவன் ஒருவன் வீட்டு முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகிறான். அவன் வளர்க்கும் பார்வை மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. பார்வை தன் வேலையைச் செய்துவிட்டது. இனி வில்லை எடுப்பதே பாக்கி. அவன் மனைவி அதனைக் காண்கிறாள். தான் அசைந்தால் கணவன் விழித்துக்கொள்வான், கலைமான் பிணையைப் பிரிந்து ஓடும் என்று அஞ்சி, அவள் வீட்டில் நடமாடாமலே இருக்கிறாள். அவள் அசையாதிருப்பதைக் கண்ட கானக்கோழியும் கவுதாரியினப் பறவையும் வந்து, மான்தோலில் உலர வைத்த தினையைத் தின்றுவிடுகின்றன. உணவாகியிருக்க வேண்டிய மானும் இல்லை. வைத்திருந்த தினையும் குறைந்தது. இரக்கத்திற்கு அந்த ஏழைப்பெண் கொடுத்த விலை அது.

நற்றிணையின் 312-ஆம் பாடல் கழார்க் கீரன் எயிற்றியாருடையது. அதில் பார்வைப் பறவையை வைத்துப் பிழைக்கும் வேட்டுவனே வருகிறான். மழையிலும் பனிவாடையிலும் சிறகொடுக்கி நடுங்கும் வெண்குருகைக் கண்டு மனம் இரங்கி, அதனைப் பிணித்திருந்த முளையை நீக்கி விடுகிறான். வேடனுக்கும் வேடன் மனைவிக்கும் கண் இருந்தது என்பதைப் பாடிய புலவர்கள் இவர்கள். பார்வையை வைத்திருந்த வீட்டிலேயே பார்க்கவும் தெரிந்திருந்தது.

இனி மயிலாப்பூருக்கு வருவோம். இன்றைய நெரிசலில் நின்றுகொண்டு அன்றைய நிலத்தை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. ஊரின் பெயரிலேயே மயில் இருக்கிறது. உமையம்மை மயிலுருவில் புன்னை மரத்தடியில் இறைவனை வழிபட்டாள் என்பது கபாலீச்சுரத் தலவரலாறு. மயிலாப்பூருக்கு மேற்கே நெடிய ஏரி ஒன்று கிடந்தது; 1920-களில் அதனைத் தூர்த்த நிலத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. இயற்கை அறிஞர் மா.கிருஷ்ணன் (1912–1996) மயிலாப்பூரில் வளர்ந்த சிறுவயதில்கூட அப்பகுதி புதர் மண்டி, நரியும் வெளிமானும் திரியும் இடமாக இருந்தது. ஏரியும் புதர்க்காடும் கடற்காற்றும் சேர்ந்த இடம் மயில்களுக்கு ஏற்ற வீடு. மயில் உள்ள இடத்தில் வில்லும் இருந்திருக்கும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக் கடற்கரை வழியே பயணம் செய்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, 1298-இல் ஜெனோவாச் சிறையில் இருந்தபடி தம் பயணங்களைச் சொல்லி எழுதுவித்தார். அதில் தோமையாரின் கல்லறை இருக்கும் சிற்றூரைப் பற்றி வருகிறது. வணிகர் அதிகம் வராத ஊர். ஆயினும் கிறித்தவரும் இசுலாமியரும் யாத்திரையாக வருகின்றனர். திருத்தூதர் மடிந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சலுற்றோர்க்குக் கொடுக்கின்றனர். பின்னர் அவர் இறந்த விதம் கூறப்படுகிறது. தோமையார் தம் குடிலுக்கு வெளியே காட்டில் செபித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன. மயில் வேட்டைக்கு வில்லோடு வந்த ஒருவன், திருத்தூதர் அங்கிருப்பதைக் காணாமல், ஒரு மயிலை நோக்கி அம்பெய்தான். அம்பு தவறி அவருடைய வலப்பக்கத்தில் பாய்ந்தது. அவர் தம்மைப் படைத்தவரிடம் கனிவோடு வேண்டியபடியே உயிர்நீத்தார்.

ஏறத்தாழ 1516-இல் எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா இக்கதையை வேறு வடிவில் கேட்டிருக்கிறார். வேடன் கண்டது தரையில் கூடியிருந்த மயில்களை. நடுவே ஒரு தட்டைக் கல்லின்மேல் அழகிய பெரிய மயில் ஒன்று நின்றது. அதன்மேல் அம்பெய்தான். மயில்கள் மேலெழுந்து பறந்தபோது, அம்பு பட்ட மயில் வானிலேயே மனித உடலாக மாறிற்று. முதற்கதையில் வேடன் மனிதனைக் காணவில்லை. இரண்டாம் கதையில் மனிதனையே மயிலாகக் கண்டான். இரண்டிலும் பிழை கையிலன்று, கண்ணில்.

திருச்சபை மரபோ தோமையார் ஈட்டியால் குத்தப்பட்டு மறைசாட்சியாக மாண்டார் என்கிறது. பரங்கிமலையை அந்த இடமாகப் போற்றுகிறோம். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் சாந்தோம் கல்லறையைத் திறந்தபோது எலும்புகளோடு ஓர் ஈட்டி முனையும் மண் நிறைந்த கலயமும் கிடைத்ததாக அவர்களுடைய குறிப்புகள் கூறுகின்றன. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமையார் பணிகள்' என்னும் நூலிலும், மஸ்தாய் மன்னனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் அவரை ஈட்டியால் குத்துகின்றனர். அந்நூல் விவிலியத்தில் இடம்பெறவில்லை. ஆனால் காலத்தால் மார்க்கோ போலோவுக்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. எனவே ஈட்டியே பழைய மரபு. மயிலும் அம்பும் ஊரின் பெயரிலிருந்தும் ஊரின் இயல்பிலிருந்தும் பின்னர் முளைத்த கதை என்பதே நம் கருத்து. மறைசாட்சியாக மாண்டவரை விபத்தில் இறந்தவராகக் காட்டும் கதையை நாம் ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் மார்க்கோ போலோ கூறியவற்றுள் நாம் ஒதுக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. அம்பெய்தவன் 'கோவி' என்று அவர் ஒலிபெயர்த்துள்ள குலத்தைச் சேர்ந்தவன். இறந்த மாட்டின் இறைச்சியை உண்போர் என்று அக்குலத்தாரை அவர் அடையாளம் காட்டுகிறார். தோமையாரைக் கொன்றவர்களின் வழிவந்தோர் ஆகையால், அக்குலத்தார் எவரும் திருத்தூதரின் கல்லறை இருக்குமிடத்தில் நுழைய முடியாதாம். இருபது பேர் சேர்ந்து பிடித்து நிறுத்த முயன்றாலும் இயலாதாம். இதனை ஓர் அற்புதமாகவே அவர் எழுதிச் செல்கிறார்.

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். வேடன் வேண்டுமென்று கொல்லவில்லை என்று கூறுவதும் அதே நூல்தான். அவனுடைய வழிவந்தோர் அனைவருக்கும் கதவு அடைபட்டது என்று கூறுவதும் அதே நூல்தான். தோமையார் சாகும்போது அவனைச் சபித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. சாபம் எங்கிருந்து வந்தது? மாட்டிறைச்சி உண்போர் கல்லறையருகே வராதிருக்க வேண்டும் என்று முன்னரே எண்ணியிருந்தோர்க்கு அந்த அம்பு ஒரு காரணமாக வாய்த்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. விலக்கி வைத்தவர்கள் மனிதர்கள். பழியோ திருத்தூதரின் பெயரில் எழுதப்பட்டது.

இதனை அந்தப் பழைய சிரியாக் நூலின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோமையாரைக் கொல்ல ஆணையிட்ட மஸ்தாய் மன்னனின் மகன் தீய ஆவியால் துன்புறுகிறான். மன்னன் கல்லறைக்கு வந்து அங்கிருந்த மண்ணை எடுத்துச் செல்கிறான். மகன் நலம் பெறுகிறான். மன்னன் தலைவணங்கி, இறைவனின் இரக்கம் தனக்குக் கிடைக்க வேண்டுமாறு நம்பிக்கை கொண்டோரிடம் கேட்கிறான். அறிந்தே கொல்வித்த அரசனுக்குக் கல்லறை வாயில் திறந்தது; மண்ணும் கிடைத்தது; மன்னிப்பும் கிடைத்தது. அறியாமல் எய்த வேடனின் பேரப்பிள்ளைகளுக்கோ அதே வாயில் அடைபட்டது. அரசன் செய்தது அவனோடு முடிகிறது. எளியவன் செய்தது அவன் குலத்தின் குற்றமாகிறது. இரண்டும் கதைகளாக இருக்கலாம். கதைகளைச் சொல்லி வந்த உலகம் உண்மையானது.

அறியாமல் எய்த அம்பைப் பற்றி நம் நாட்டில் வேறு கதைகளும் வழங்குகின்றன. குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை நீருண்ணும் ஓசை என எண்ணித் தசரதன் எய்த அம்பு, கண்ணற்ற பெற்றோரின் ஒரே மகனைக் கொன்றது. அவன் அரசன், சாபமும் பெற்றான், மகனைப் பிரிந்து துயருற்றும் மாண்டான், ஆயினும் அவன் குலம் இழிகுலம் ஆகவில்லை. கண்ணனின் பாதத்தை மான் என எண்ணி எய்த வேடன் சரனைக் கண்ணனே தேற்றினார் என்பர். மயிலாப்பூர் வேடனுக்கு மட்டும் பெயரும் இல்லை, தேற்றியவரும் இல்லை.

இவை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டார் கேட்டு எழுதியவைதானே என்று நாம் தள்ளிவிட முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்திற்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நிறுத்திய தடுப்பு 1911-இல்தான் அகற்றப்பட்டது. அதனை அகற்றியது வழக்கு மன்றம் வரை சென்றது. கல்லறைத் தோட்டங்களின் நடுவே எழுந்த சுவர்களையும் நாம் அறிவோம். அவற்றை எழுப்பியவர்கள் மார்க்கோ போலோவைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் 'அவர்கள் வர முடியாது' என்று எழுதிய அதே கை அங்கேயும் தெரிகிறது. குருத்துவப் பயிற்சிக் காலத்தில் தோமையாரின் வருகைக்கு ஆதாரங்களை வரிசையாக மனப்பாடம் செய்தோம். மார்க்கோ போலோவும் அப்பட்டியலில் இருந்தார். கல்லறை இருந்ததற்குச் சான்றாக அவரைக் காட்டினோம். கல்லறைக்குள் யார் விடப்படவில்லை என்று அவர் எழுதிய பகுதியை நாமும் கடந்து சென்றோம். நம் கண்ணும் மயில்மேல்தான் இருந்தது.

இளைஞரின் கேள்விக்கு வருவோம். உணவுக்காக விலங்குகளைக் கொள்வதைத் திருச்சபை தடுக்கவில்லை. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்று 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க மறைக்கல்வி கூறுகிறது. நம் நாட்டில் மயில் 1963-இல் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேட்டையாடுவது குற்றம். இவ்வளவும் அவருக்கு மின்னஞ்சலில் எழுதினோம். உண்பதற்காகவா, படம் எடுப்பதற்காகவா என்று அவரையே கேட்டுக்கொள்ளச் சொன்னோம். அதற்கு மேலும் ஒன்று எழுதினோம். அவருக்கு அங்கே கற்பித்த விதி நல்ல விதி. அதனை வேட்டைக்கூடாரத்தில் மட்டும் விட்டுவிட வேண்டாம். இருட்டில் அமர்ந்து குறுகிய திறப்பின் வழியே ஒன்றையே பார்த்திருப்பவனுக்கு, அந்த ஒன்றுக்கு அப்பால் இருக்கும் மனிதன் தெரிவதில்லை. சாதியும் அத்தகைய கூடாரம்தான். உள்ளே இருப்பவனுக்குத் தான் ஒளிந்திருப்பதே மறந்துவிடுகிறது.

சில நாள் கழித்து அவரிடமிருந்து விடை வந்தது. அன்று வான்கோழி வந்ததாகவும், தாம் எய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், உடன் வந்தவர்கள் நகைத்ததாகவும் எழுதியிருந்தார். அதனை நம்மிடம் கூறக் கூச்சமாக இருந்ததாம். வேட்டுவன் மனைவி அசையாது இருந்த அந்தப் புறநானூற்று முற்றத்தைப் பற்றி அவருக்கு எழுத வேண்டும் என்றிருக்கிறோம்.

அடுத்த ஜூலை 3-ஆம் நாள் விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க எண்ணியுள்ளோம். கதையாகவே இருந்தாலும், மயிலைக் கண்டு மனிதனைக் காணாத அந்தப் பெயரில்லா வேடனுக்காகவும், அவன் பெயரால் வாயிலிலேயே நிறுத்தப்பட்ட அனைவருக்காகவும். தோமையாருக்கு அதில் மனத்தாங்கல் இராது. தம் ஆண்டவரின் காயத்தைக் கண்ணால் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றவர் அவர். காயத்தைப் பார்க்கச் சொன்னால் மறுக்கமாட்டார்.